விழுந்த வண்டியா, சாய்ந்த வண்டியா? பழைய ஆர்15 வாங்கப் போகும் தம்பிக்கு

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகிறது, கையில் கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கிறது. பழைய வண்டி விற்கும் கன்சல்டிங் ஒன்றில் 2018ஆம் ஆண்டு மாடல் யமஹா ஆர்15 வி3 பைக் ஒன்றைப் பார்த்திருக்கிறீர்கள். மீட்டரில் 21,400 கிலோமீட்டர், இப்போது இரண்டாவது உரிமையாளர் கையில் இருக்கிறது. கிளட்ச் லிவரும் இடது பக்கக் கண்ணாடியும் மட்டும் புத்தம் புதியவை. ஏன் என்று கேட்டதற்கு, "நிறுத்தியிருந்த இடத்தில் சாய்ந்துவிட்டது, வேறொன்றும் இல்லை" என்றாராம் விற்பவர். வாங்கலாமா, எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்பது உங்கள் கேள்வி.

பதினெட்டு வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். இந்த மாதிரி வண்டியைப் பார்க்க வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் ஒரே வரிசையில்தான் போகிறார்கள். முதலில் மீட்டர், அடுத்து பெயின்ட், பிறகு ஸ்டார்ட் செய்து ஆக்ஸிலேட்டரை இரண்டு முறுக்கு. சத்தம் பிடித்துவிட்டால் முன்பணம் கைமாறிவிடும். ஸ்பிளெண்டர் வாங்க அந்த வரிசை போதும். ஃபேரிங், அதாவது என்ஜினையும் பக்கங்களையும் மூடும் பிளாஸ்டிக் உறை, போட்ட வண்டிக்குப் போதாது. ஃபேரிங் ஒரு சட்டை மாதிரி. உள்ளே இருக்கும் தழும்பை அது மறைத்துவிடும். அதனால் எவ்வளவு ஓடியிருக்கிறது என்பதை விட எப்படி விழுந்தது என்பதைத்தான் நான் முதலில் தேடுவேன். ஒழுங்காக ஆயில் மாற்றி ஐம்பதாயிரம் ஓடிய ஆர்15 எனக்குச் சம்மதம். பன்னிரண்டாயிரமே ஓடி, ஒரு முறை நேராகப் போய் மோதிய ஆர்15 எனக்கு வேண்டாம்.

என்ன வாங்கப் போகிறீர்கள் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஆர்15 இந்தியாவுக்கு வந்தது 2008இல். 150 சிசி வண்டியில் லிக்விட் கூலிங், ஃபியூயல் இன்ஜெக்ஷன், ஆறு கியர், டெல்டாபாக்ஸ் சட்டகம் என்பதெல்லாம் அன்று பெரிய செய்தி. பின் டயர் 100 மில்லிமீட்டர் அகலத்தில் ஒல்லியாக இருந்ததுதான் எல்லோருக்கும் குறை. 2011இல் வந்த இரண்டாம் பதிப்பு அதை 130 ஆக்கியது, பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மையும் அலுமினியத்தில் தந்தது. 2018இல் வந்த மூன்றாம் பதிப்புதான் உங்கள் வி3. அதில் 155 சிசி என்ஜின், 19.3 குதிரைத்திறன், 140 அளவு பின் டயர், கியரைச் சட்டென்று இறக்கும்போது பின்சக்கரம் பூட்டாமல் காக்கும் ஸ்லிப்பர் கிளட்ச், நிமிடத்துக்கு 7,400 சுற்றில் வால்வின் திறப்பை மாற்றும் வி.வி.ஏ. எல்லாம் உண்டு. இதில் நீங்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. 2018இல் விற்ற வி3இல் ஏ.பி.எஸ். (அவசர பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) கிடையாது. 2019 தொடக்கத்தில்தான் இரு சக்கரத்துக்கும் ஏ.பி.எஸ். வந்தது. என் வீட்டுப் பிள்ளை கேட்டால், கொஞ்சம் கூடக் கொடுத்தாவது 2019 வண்டியாகத் தேடு என்பேன். மழைக்காலத்தில், மணல் படிந்த தார்ச்சாலையில், இருபத்து மூன்று வயதில், ஏ.பி.எஸ். இருப்பதும் இல்லாததும் ஒன்றல்ல. 2019இல் பதிவான வண்டி என்பதால் மட்டும் ஏ.பி.எஸ். இருக்கும் என்று நம்பிவிடவும் வேண்டாம். 2018இல் தயாராகி அடுத்த வருடம் விற்ற வண்டிகளும் உண்டு. பதிவுச் சான்றான ஆர்.சி.யில் தயாரித்த மாதமும் வருடமும் தனியாக இருக்கும், அதைப் பாருங்கள். சக்கரத்தின் நடுவே ஓட்டை ஓட்டையாக ஒரு சிறு வளையமும் அதை ஒட்டி ஒரு சென்சாரும் இருக்கின்றனவா என்று குனிந்தும் பாருங்கள்.

இனி அந்த "சாய்ந்துவிட்டது" விஷயம். இது பொய்யாக இருக்க வேண்டும் என்பதில்லை. சைடு ஸ்டாண்டு இளகிய மண்ணில் இறங்கி வண்டி சாய்வது அன்றாடம் நடப்பது. ஆனால் சாய்ந்த வண்டிக்கும் விழுந்து இழுபட்ட வண்டிக்கும் காயம் வேறு மாதிரி இருக்கும்.

நின்ற இடத்தில் சாய்ந்தால் தரையில் படுவது முனைகள் மட்டும்தான். லிவரின் நுனி, ஹேண்டில் முனையில் இருக்கும் எடை, கண்ணாடி, ஃபுட்ரெஸ்டின் நுனி, ஃபேரிங்கின் வயிற்றில் கையகலம் ஒரு தேய்ப்பு, அவ்வளவுதான். காயம் பொட்டுப் பொட்டாக இருக்கும். ஓடும்போது விழுந்த வண்டி தரையில் வழுக்கிக்கொண்டு போகும். அதன் காயம் கோடு. முன்னிருந்து பின்னாக, ஒன்றுக்கொன்று இணையாக, சீப்பால் வாரியது போல இருக்கும். லிவரையும் கண்ணாடியையும் மாற்றுவது சுலபம், அதனால் விற்கிறவர் அதை மாற்றிவிடுவார். இடது பக்கம் மேக்னெட் கவர் (என்ஜினின் இடது மூடி), கியர் லிவரின் அடிப்பக்கம், பின் ஃபுட்ரெஸ்டைத் தாங்கும் அலுமினியக் கை, பின் சக்கர அச்சின் முனை ஆகியவற்றைப் பெரும்பாலும் யாரும் மாற்றுவதில்லை. கறுப்பு பெயின்ட் அடித்து மூடுவார்கள். நகத்தால் நெருடிப் பாருங்கள். பெயின்டுக்கு அடியில் கோடு இருந்தால் விரலுக்குத் தெரிந்துவிடும்.

அடுத்தது நான் யார் வண்டி பார்க்கக் கூப்பிட்டாலும் செய்வது. கையில் ஒரு சிறு டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள். ஹேண்டிலை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பி, முன் ஃபோர்க்கைப் பிடித்திருக்கும் கீழ்த் தட்டும் சட்டகத்தின் கழுத்தும் சேரும் இடத்தில் வெளிச்சம் அடியுங்கள். ஹேண்டில் அதற்கு மேல் திரும்பாமல் தடுக்க அங்கே கட்டைவிரல் நுனி அளவுக்கு ஒரு இரும்புத் தடுப்பு இருக்கும். இரண்டு பக்கமும் உண்டு. அது தட்டையாக, பெயின்ட் லேசாகத் தேய்ந்திருந்தால் நல்லது. நசுங்கியோ, ஓரம் உடைந்தோ, அந்தச் சுற்றில் மட்டும் பெயின்ட் புதிதாகவோ இருந்தால், ஹேண்டில் ஒரு முறை வேகமாக அடித்துத் திரும்பியிருக்கிறது என்று அர்த்தம். நின்ற இடத்தில் சாய்கிற வண்டிக்கு அப்படி ஆகாது. அதே இடத்தில் கழுத்தும் சட்டகத்தின் இரு கைகளும் சேரும் வெல்டிங்கைப் பாருங்கள். பெயின்டில் மெல்லிய சுருக்கம், முடி போல விரிசல், அதில் துருக்கோடு, இவற்றில் எது இருந்தாலும் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுங்கள். டெல்டாபாக்ஸ் என்பது தகட்டை அழுத்தி உருவாக்கிய சட்டகம். சைக்கிள் ஃபிரேமை நிமிர்த்துவது போல அதை நெருப்புக் காட்டி நிமிர்த்துகிறவர்கள் ஊரில் இருக்கிறார்கள். நிமிர்த்திய பிறகு அது எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு அவர்களே பொறுப்பு எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இதைச் சொல்வதற்கு எனக்குத் தகுதி உண்டு, நானே ஏமாந்தவன். 2013இல் ஒரு முதல் பதிப்பு ஆர்15, நீல நிறம், பார்க்கப் பளபளவென்று இருந்தது. மெக்கானிக் என்ற மிதப்பில் என்ஜினை மட்டும் காதால் கேட்டுவிட்டு வாங்கினேன். நாற்பதைத் தாண்டினால் லேசாக இடது பக்கம் இழுக்கும். கோன் செட் (ஹேண்டில் திரும்பும் கழுத்து பேரிங்) மாற்றினேன், டயர் மாற்றினேன், ஃபோர்க் ஆயில் மாற்றினேன். கடைசியில் ஒரு மத்தியானம் டேங்கையும் ஃபேரிங்கையும் கழற்றிப் போட்டுப் பார்த்தால், கழுத்துக்குக் கீழே ஒரு பக்கம் மட்டும் புட்டி தடவி பெயின்ட் அடித்திருக்கிறது. மூன்று மாதம் என் பட்டறையிலேயே நின்றது அந்த வண்டி. பிறகு என்ஜினைத் தனியாக, சக்கரங்களைத் தனியாக விற்றேன். சட்டகத்தை ஆர்.சி.யோடு யாருக்கும் கொடுக்க மனம் வரவில்லை.

அதனால் விற்பவரிடம் ஒரு பக்க ஃபேரிங்கையாவது கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். பழகிய கைக்குப் பத்து நிமிட வேலை. "அதெல்லாம் எதற்குத் தம்பி" என்று இழுத்தால் உங்களுக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டது. கழற்றும்போதே ஃபேரிங்கின் காதுகளைக் கவனியுங்கள். திருகும் கிளிப்பும் மாட்டும் சின்னப் பிளாஸ்டிக் நீட்டல்களைத்தான் சொல்கிறேன். உடைந்து சூடுவைத்து ஒட்டியிருக்கிறதா, பஞ்சும் ஃபெவிக்விக்கும் போட்டு அடைத்திருக்கிறதா, ஒரே மாதிரி இருக்க வேண்டிய திருகுகள் நான்கு விதமாக இருக்கின்றனவா? ஒரு பக்கம் மட்டும் ஸ்டிக்கரின் நிறம் பளிச்சென்று இருப்பதும் சாட்சிதான். வெயிலில் ஆறேழு வருடம் நின்ற வண்டியின் இரண்டு பக்கமும் சேர்ந்துதான் வெளுக்கும்.

முன்சக்கரத்தைத் தூக்கி வீலி அடித்த வண்டிக்கு வேறு அடையாளங்கள். நம்பர் பிளேட்டின் அடிவிளிம்பும் பின் மட்கார்டின் நுனியும் தேய்ந்திருக்கும், பின் ஸ்பிராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்) கம்பெனி அளவை விடப் பெரிதாக மாற்றப்பட்டிருக்கும், வாலுக்கு அடியில் காரணமில்லாமல் இரண்டு துளைகள் இருக்கும். முன்சக்கரம் ஒவ்வொரு முறையும் தொப்பென்று விழுந்த அடியைக் கோன் செட்டும் ஃபோர்க் சீலும்தான் வாங்கியிருக்கும். அப்படிப்பட்ட வண்டியைப் பாதி விலைக்குக் கொடுத்தாலும் தொடாதீர்கள்.

ஃபோர்க் சீலைப் பார்க்க, பளபளக்கும் குழாயின் மேல் கட்டைவிரலை ஓட்டுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டினால் சீல் போய்விட்டது. அது பெரிய செலவல்ல. குழாயில் துருப்புள்ளி விழுந்திருந்தால் புது சீலும் சில மாதத்தில் கிழியும், குழாயையே மாற்ற வேண்டும். பிறகு முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் அசையுங்கள். கழுத்தில் 'டக்' என்று ஆட்டம் தெரிந்தால் கோன் செட் தளர்ந்திருக்கிறது. முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஹேண்டிலை மெதுவாகத் திருப்பும்போது நடுவில் ஒரு குழியில் விழுவது போல நின்றால் அது தேய்ந்தேவிட்டது. பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டினால் ஸ்விங் ஆர்ம் புஷ் தன் கதையைச் சொல்லும்.

என்ஜினுக்கு வருவோம். விலை பேசப் போகிற நாளில், நீங்கள் வந்து சேரும் வரை வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். போனதும் என்ஜின் கவரில் புறங்கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் காலையில் ஸ்டார்ட் ஆக மறுத்ததை மறைக்க ஓட வைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். டீ குடித்துவிட்டு வாருங்கள், அவசரம் இல்லை. குளிர்ந்த என்ஜின் ஆக்ஸிலேட்டர் கொடுக்காமலே ஓரிரு விநாடியில் பிடித்துக்கொள்ள வேண்டும், கொஞ்ச நேரத்தில் 1,400 சுற்று வாக்கில் நிலைக்க வேண்டும். முதல் நிமிடத்தில் சைலன்சரிலிருந்து வருவதைப் பாருங்கள். நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. வெண்மை என்றால் முதலில் பயப்படாதீர்கள், குளிர்ந்த சைலன்சரில் தங்கிய ஈரமாக இருக்கலாம். சூடேறிய பிறகும் வெண்புகை நிற்காமல், கூலன்ட் குறைந்துகொண்டே போனால் என்ஜின் பாகங்களுக்கு இடையே கசியாமல் அடைக்கும் கேஸ்கெட் பக்கம் சந்தேகப்பட வேண்டும்.

இந்த என்ஜினில் ஒரு சங்கதியைப் பலர் யோசிப்பதில்லை. ஆர்15இன் சிலிண்டர் சிலிக்கான் கலந்த அலுமினியம், உள்ளே இரும்பு உறை கிடையாது. பழைய வண்டிகளில் செய்வது போல போர் செய்து (சிலிண்டரின் உட்புறத்தைக் கடைந்து அகலமாக்கி) ஒரு சுற்றுப் பெரிய பிஸ்டன் போடும் வழி இதற்கு ஒத்துவராது. தேய்ந்தால் சிலிண்டரும் பிஸ்டனும் சேர்த்துப் புதிதாகப் போடுவதுதான் முறை. "இப்போதுதான் போர் செய்தேன், புது என்ஜின் மாதிரி" என்று ஒருவர் பெருமையாகச் சொன்னால், யாரோ ஒரு லேத்தில் இரும்பு உறை இறக்கியிருக்கிறார்கள் என்று பொருள். நான் அதற்குப் பணம் கொடுக்க மாட்டேன். ஆயில் மாற்றாமல் ஓட்டியதற்கும், ஆயில் குறைந்ததைப் பார்க்காமல் பத்தாயிரம் சுற்றில் முறுக்கியதற்கும் இந்த என்ஜின் தரும் தண்டனை அது. ஆயிலின் அளவைப் பார்க்கும்போது நிறத்தையும் பாருங்கள். கறுப்பு குற்றமல்ல. பால் விட்ட டீ நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது.

தண்ணீர் என்றதும் நினைவுக்கு வருகிறது. ரேடியேட்டரில் கூலன்டுக்குப் பதிலாகக் குழாய்த் தண்ணீரை ஊற்றி ஓட்டுகிறவர்கள் நம் ஊரில் நிறைய. என்ஜின் ஆறிய பிறகு மட்டும் மூடியைத் திறந்து பாருங்கள், சூட்டில் திறந்தால் முகம் வெந்துவிடும். நிறமான, தெளிந்த திரவம் இருக்க வேண்டும். செம்மண் கரைசல் மாதிரி இருந்தால் உள்ளே துருவும் உப்பும் படிந்திருக்கும். ரேடியேட்டரின் மெல்லிய தகடுகள் கல்பட்டு மடிந்திருப்பது சகஜம். பாதிக்கு மேல் மடிந்திருந்தால் விலையில் கழியுங்கள். வண்டியை நிறுத்தி ஓடவிட்டு, விசிறி தானாக ஓடத் தொடங்குகிறதா என்று பொறுமையாக நின்று பாருங்கள். நெரிசலில் ஓட்டப் போகிற உங்களுக்கு அது முக்கியம்.

வெள்ளத்தில் நின்ற வண்டியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்துக்குப் பிறகு ஆறு மாதம் வரை, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகும், நம்ப முடியாத விலையில் சென்னைப் பதிவெண் வண்டிகள் உள்மாவட்டங்களுக்கு வந்தன. அவற்றில் ஒன்றை ஒரு வாடிக்கையாளர் என்னிடம் கொண்டு வந்தார். வெளியே கழுவித் துடைத்த சுத்தம். சீட்டைக் கழற்றினேன். வயர் இணைப்புகளுக்குள் பச்சை பூத்திருந்தது, ஏர் ஃபில்டர் பெட்டியின் அடியில் மைதா மாதிரி மெல்லிய வண்டல். ஹெட்லைட் கண்ணாடிக்குள் நீர்க்கோடு ஒன்று மட்டம் பார்த்துப் போட்டது போல இருந்தது. அந்தக் கோடு வரைக்கும் தண்ணீர் நின்றிருக்கிறது. அப்படிப்பட்ட வண்டியில் இன்று ஒரு சென்சார், நாளை ஒன்று என்று மாதம் ஒரு சம்பளத்தைக் கேட்கும்.

மீட்டரை எவ்வளவு நம்பலாம்? டிஜிட்டல் மீட்டர் என்பதால் திருத்த முடியாது என்பதில்லை, வேறொரு மீட்டரையே மாட்டிவிடலாம். 21,400 என்றால் சாவியின் முகமும் கைப்பிடி ரப்பரும் ஃபுட்ரெஸ்டும் அதற்கேற்ற அளவுதான் தேய்ந்திருக்க வேண்டும். பிரேக் டிஸ்க்கின் ஓரத்தில் விரல் வையுங்கள், படிக்கட்டு மாதிரி தட்டுப்பட்டால் அது நிறைய ஓடியிருக்கிறது. டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமன் அதிலேயே பொறித்திருக்கும். டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் உண்டு. 1418 என்றால் 2018ஆம் வருடத்தின் 14ஆவது வாரம். 2018 வண்டியில் அதே வருடத்து டயர் இருந்தால் இரண்டில் ஒன்று: உண்மையிலேயே குறைவாக ஓடியிருக்கிறது, அல்லது கல்லாகிப் போன டயரோடு விற்கிறார்கள். எப்படியானாலும் டயரை மாற்றத்தான் வேண்டும், இரண்டுக்கும் சேர்த்துச் சில ஆயிரம் ரூபாய் ஆகும். செயினைப் பின் ஸ்பிராக்கெட்டின் பின்பக்கம் பிடித்து இழுங்கள், பல்லை விட்டு எழும்பி வந்தால் செயின் செட் முடிந்தது. பழைய சர்வீஸ் ரசீது ஒன்றாவது கேளுங்கள். தேதியும் கிலோமீட்டரும் போட்ட ஒரே ஒரு காகிதம் மீட்டரின் பொய்யை உடைத்துவிடும்.

ஓட்டிப் பார்க்கும்போது வேகத்தைச் சோதிக்க வேண்டாம், அதற்கு வாழ்நாள் இருக்கிறது. ஹெல்மெட் போட்டுக்கொண்டு, முதலில் பத்து கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து பாருங்கள். வளைந்த சட்டகமும் தேய்ந்த கோன் செட்டும் அந்த வேகத்தில்தான் தள்ளாடும். பிறகு ஐந்தாவது கியரில் குறைந்த வேகத்தில் இருக்கும்போது ஆக்ஸிலேட்டரை நன்றாகத் திறங்கள். சுற்று ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் தட்டு வழுக்குகிறது. இரண்டாவது கியரில் முறுக்கிவிட்டுச் சட்டென்று விடுங்கள், கியர் நழுவி வெளியே வந்தால் கியர்பாக்ஸ் பிரிக்க வேண்டிய வண்டி அது. காலியான சாலை கிடைத்தால் 7,400ஐத் தாண்டி ஒரு முறை போய்ப் பாருங்கள். மீட்டரில் வி.வி.ஏ. எழுத்து எரிய வேண்டும், என்ஜின் குரல் மாற வேண்டும், இடையில் திக்கக் கூடாது. பிறகு ஒரு நண்பரை ஓட்டச் சொல்லிவிட்டு நீங்கள் நேர் பின்னால் நின்று பாருங்கள். இரண்டு சக்கரமும் ஒரே கோட்டில் போகின்றனவா, நாய் ஓடுவது போல ஒருக்களித்துப் போகிறதா என்பது பின்னால் நிற்பவருக்குத்தான் தெரியும்.

ஒரு சொந்த அபிப்பிராயம். சீட்டின் உயரம் 815 மில்லிமீட்டர், ஹேண்டில் தாழ்ந்தது. ஐந்து நிமிட ஓட்டத்தில் எல்லோருக்கும் ராஜா மாதிரி இருக்கும். இருபது நிமிடம் ஓட்டுங்கள், மணிக்கட்டு பேசும். பின்னால் அம்மாவை உட்காரவைத்துக் கோயிலுக்குப் போகிற எண்ணம் இருந்தால் அதையும் ஒரு முறை செய்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள். முதுகு ஒத்துழைக்காது என்றால் சுசுகி ஜிக்ஸர் எஸ்எஃப் பாருங்கள். ரேடியேட்டரே கிடையாது, ஹேண்டில் உயரம், பராமரிப்பு எளிது. கேடிஎம் ஆர்சி 200 பைக்குக்கு இழுவை அதிகம், ஆனால் அடக்கமாக ஓட்டிய ஆள் கையிலிருந்து பழையது கிடைப்பது அரிது. ஓசூரில் தயாராகும் அப்பாச்சி ஆர்ஆர் 310 உங்கள் பணத்துக்கும் அனுபவத்துக்கும் இன்னும் இரண்டு வருடம் தள்ளி வைக்க வேண்டியது.

சைலன்சர் மாற்றியிருந்தால் கம்பெனி சைலன்சரைக் கேட்டு வாங்குங்கள். இல்லை என்றால் அதன் விலையைக் கழியுங்கள். போலீஸ் பிடிப்பது ஒரு பக்கம், புதிதாக வாங்கப் போனால் அதன் விலை தலையைச் சுற்ற வைக்கும். கூடுதல் விளக்கு, கூடுதல் ஹாரன் என்று வயரை வெட்டி டேப் சுற்றியிருந்தால் அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது எனக்கே சலிப்பான வேலை. சாவியைப் போட்டதும் என்ஜின் எச்சரிக்கை விளக்கு எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் மகிழ்ச்சியடையாதீர்கள், அதை மறைத்திருக்கிறார்கள்.

இனிக் காகிதம். வண்டி நன்றாக இருந்து காகிதத்தில் மாட்டிக்கொண்டவர்களை நான் அதிகம் பார்த்திருக்கிறேன். சேசிஸ் எண்ணையும் என்ஜின் எண்ணையும் வண்டியில் நேரடியாகப் பார்த்து ஆர்.சி.யோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். எழுத்துகளின் ஆழமோ இடைவெளியோ ஒழுங்கில்லாமல், சுற்றிலும் அரம் தேய்த்தது போல இருந்தால் விலகுங்கள். எம்பரிவாகன் செயலியில் பதிவெண்ணைப் போட்டால் காப்பீடு எப்போது முடிகிறது, அடமானம் நிலுவையில் இருக்கிறதா, கறுப்புப் பட்டியலில் இருக்கிறதா என்பது தெரியும். இ-சலான் தளத்தில் நிலுவை அபராதத்தைப் பாருங்கள். இந்த வண்டிகளை முன்பு ஓட்டியவர்கள் சிக்னலுக்கு மரியாதை கொடுத்தவர்கள் அல்லர். கடன் போட்டு வாங்கிய வண்டி என்றால் வங்கியின் தடையின்மைச் சான்றும் படிவம் 35ம் வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. புதுச்சேரி, கர்நாடகப் பதிவு என்றால் அங்கிருந்து படிவம் 28இல் தடையின்மைச் சான்று வாங்கி, இங்கே ஆயுள் வரியும் கட்ட வேண்டும். 'சும்மா ஓட்டலாம், யாரும் கேட்க மாட்டார்கள்' என்று விலை குறைத்துச் சொல்வதில் அந்த வரியும் அடங்கியிருக்கிறது.

ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறது? நீங்கள் "இரண்டாவது உரிமையாளர் கையில்" என்று சொன்னீர்கள். கையிலா, ஆர்.சி.யிலா? முதல் உரிமையாளர் வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து, அதை வைத்துக்கொண்டே இரண்டு மூன்று கை மாறுவது கன்சல்டிங் தொழிலில் புதிதல்ல. அவருடைய கையெழுத்து ஒத்துவராவிட்டாலோ, அவர் ஊரை விட்டுப் போயிருந்தாலோ வட்டாரப் போக்குவரத்து அலுவலக வாசலில் நிற்கப் போவது நீங்கள்தான். பெயர் மாற்றாமல் விற்பவருக்கும் ஆபத்து உண்டு. விபத்து நடந்தால் பதிவில் பெயர் உள்ளவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதைச் சொன்னால் பல விற்பனையாளர்கள் தாமாகவே நேரில் வந்து கையெழுத்துப் போடுவார்கள். கடைசியாக ஒரு பகுதித் தொகையைப் பெயர் மாறும் வரை கையில் நிறுத்தி வையுங்கள். மாநிலத்துக்குள் விற்றால் விற்பவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், வாங்கியவருக்கு 30 நாள். காப்பீட்டை உங்கள் பெயருக்கு மாற்ற 14 நாள். அதை மாற்றாமல் விட்டு வண்டி திருடுபோனால் காப்பீட்டு நிறுவனம் கையை விரிக்கும்.

காப்பீட்டுப் பத்திரத்தில் இன்னொரு உளவும் இருக்கிறது. 'நோ க்ளெய்ம் போனஸ்' என்ற இடத்தில் என்ன சதவீதம் போட்டிருக்கிறது என்று பாருங்கள். இழப்பீடு கேட்காத ஒவ்வொரு வருடத்துக்கும் அது 20, 25, 35, 45, 50 என்று ஏறும். இப்போதைய உரிமையாளர் மூன்று நான்கு வருடமாக வைத்திருந்தும் அங்கே பூஜ்யம் என்றால், கடந்த வருடம் ஏதோ ஒரு அடிக்குப் பணம் வாங்கியிருக்கிறார், அல்லது காப்பீட்டை மூன்று மாதத்துக்கு மேல் விட்டுவிட்டுப் புதுப்பித்திருக்கிறார். எது என்று அவரையே கேளுங்கள். பதில் வர எடுத்துக்கொள்ளும் நேரமே பதில். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வைத்திருந்தால் இந்த வழி உதவாது.

இவ்வளவும் சரியாக இருந்தால் வாங்கலாம். வாங்கிய அன்றே என்ஜின் ஆயில், ஃபில்டர், கூலன்ட், பிரேக் ஆயில் நான்கையும் மாற்றிவிடுங்கள். முன்பு யார் எப்போது மாற்றினார் என்ற கேள்வியே வேண்டாம். அந்தச் செலவையும் டயர் செலவையும் மனதில் வைத்தே விலை பேசுங்கள்.

உங்கள் வண்டிக்கு என் பதில் இன்னும் பாதியில்தான் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் போய், இடது பக்க மேக்னெட் கவரையும் கழுத்துக்குக் கீழே அந்தத் தடுப்பையும் டார்ச் வெளிச்சத்தில் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்புங்கள். காப்பீட்டுப் பத்திரத்தின் முதல் பக்கத்தையும் சேர்த்து அனுப்புங்கள். பொட்டா, கோடா என்று பார்த்துச் சொல்கிறேன். அதுவரை முன்பணம் கொடுக்க வேண்டாம்.